குமிழி நின்றுவிட்டால்

தன் வீட்டுச் சமையலறையில் தன் உபயோகத்துக்கென்று பீர் தயாரிக்கும் இங்கிலாந்துக் குடிமகன் அதற்கும் சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும் என்று 1880-ஆம் ஆண்டில் பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் ஏற்படுத்திய விதி, 83 வருஷங்கள் நிலைத்திருந்து, 1963-ஆம் ஆண்டில் நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தோடு மறைந்தது. அதன் பிறகு அந்நாட்டு வீடுகளில் மாடிப்படியின் அடியிலும், துணி உலர்த்தும் அலமாரியிலும், குளியலறை மூலையிலும் 5 காலன் பிடிக்கும் வாளிகள் குடியேறின. வாளிகளோடு கவலைகளும் குடியேறின. நம் மாநிலத்து மதுவிலக்குச் சட்டம் இத்தகைய வாளிக்கு இடங்கொடுப்பதில்லையாதலால், வாசகர்கள் இதனைப் பாகசாஸ்திரமாகக் கொள்ளாமல், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரின் சுபாவத்தைப் பற்றிய விசாரணையாகவே படிப்பார்களாக.

முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்து இறக்கிய இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட்டைக் கலந்து மூடிவைத்தால், ஈஸ்ட் அதிலுள்ள சர்க்கரையை உண்டு மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. அந்த வாயு வெளியேறவும், வெளிக்காற்று உள்ளே புகாமலிருக்கவும், மூடியில் நீர் நிரப்பிய சிறிய வளைகுழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். குழாயில் குமிழி எழும்பும் சப்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரையில் வீட்டுக்காரருக்கு நிம்மதி. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அது நின்றுவிட்டால், நொதித்தலே நின்றுபோயிற்று என்று முடிவு கட்டி, மூடியைத் திறந்து கிளறுவதும், சர்க்கரையை அள்ளிப் போடுவதும், இன்னொரு பொட்டலம் ஈஸ்ட்டைத் தூவுவதுமாகப் பரிகாரங்கள் ஆரம்பமாகிவிடுகின்றன. வியாதியினால் கெட்ட பீரைக் காட்டிலும் இந்தப் பரிகாரங்களினால் கெட்ட பீரே அதிகமாயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

குமிழி நம்பத்தக்க சாட்சியன்று. மூடி சற்றே தளர்ந்திருந்தால் வாயு ஓரத்தின் வழியே போய்விடும், குழாய் மௌனமாயிருக்கும். நொதித்தல் முடிந்து பல நாட்களான பின்னும், அறையின் உஷ்ணம் சிறிது ஏறினாலே, திரவத்தில் கரைந்திருந்த வாயு வெளிப்பட்டுக் குமிழி எழும்பும். உண்மையைச் சொல்லும் கருவி ஹைட்ரோமீட்டர் ஒன்றே. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரைப் போல இதுவும் திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டுவது. சுத்த நீருக்கு 1.000 என்று காட்டும் இக்கருவி, சாதாரண ஆங்கிலேய பீருக்குரிய இனிப்புச் சாற்றில் முதல் நாள் சுமார் 1.045 என்று காட்டும். சர்க்கரை குறையக் குறைய இந்த எண் இறங்கி 1.010-ஐ ஒட்டி நின்றால், மதுசாரம் ஏறக்குறைய 4.6 சதவிகிதம் உண்டாகி, வேலை செவ்வனே முடிந்தது என்று பொருள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவுகளும் ஒன்றாயிருந்து, அந்த எண் 1.020-இல் தங்கிவிட்டதானால் மட்டுமே கவலைக்கு இடமுண்டு. கரைந்த வாயுவின் குமிழிகள் கருவியில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிவிடுமாதலால், மாதிரியை நன்றாகக் குலுக்கி வாயுவைப் போக்கிய பிறகே அளக்க வேண்டும் என்பதை அவசரக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1.020-இல் தங்கியதற்குக் காரணம் ஈஸ்ட்டா, சாறா என்பதே அடுத்த கேள்வி. மால்ட்டை ஊறவைத்த நீர் 65 டிகிரி செல்சியஸுக்கு அருகில் இருந்திருந்தால் மாவுச்சத்து பெரும்பாலும் ஈஸ்ட் உண்ணக்கூடிய சர்க்கரையாகப் பிரிந்திருக்கும். அது 70 டிகிரியைத் தொட்டிருந்தால், ஈஸ்ட்டினால் தீண்ட முடியாத டெக்ஸ்ட்ரின் என்னும் பெரிய மூலக்கூறுகள் மிஞ்சிவிடும். பின்னதற்கு ஈஸ்ட் என்ன செய்யும், பாவம்! இரண்டில் எது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு தம்ளர் அளவு திரவத்தைத் தனியே எடுத்து, அதில் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைத் தாராளமாகக் கலந்து, வெதுவெதுப்பான இடத்தில் இரண்டொரு நாள் வைத்துப் பிறகு அளக்க வேண்டும். தம்ளரிலும் எண் இறங்கவில்லையென்றால் வாளியில் உண்பதற்கு ஒன்றும் மீதமில்லை. அந்த பீர் சற்றுக் கனமாகவும் இனிப்பாகவும் இருக்கும், அதை அவ்வாறே ஏற்றுக்கொள்வதுதான் விவேகம். தம்ளரில் இறங்கி வாளியில் இறங்காமலிருந்தால் குற்றம் ஈஸ்ட்டின் பக்கத்தது.

ஈஸ்ட் சோர்வதற்கு முக்கிய காரணம் குளிர். 18 முதல் 20 டிகிரியில் உற்சாகமாக உழைக்கும் ஏல் வகை ஈஸ்ட், இரவில் அறை 14, 15 டிகிரிக்கு இறங்கியவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியில் படிந்து உறங்கிவிடும். ஆங்கிலேய வகைகளுக்கு இந்தச் சுபாவம் அதிகம்; யார்க்ஷயர் பிரதேசத்து மதுவாலைகளில் ஈஸ்ட் வேலை முடியுமுன்பே திரண்டு பிரிந்துவிடுவதனால், திரவத்தைத் திரும்பத் திரும்ப மேலே இறைத்து அதை எழுப்புவதற்கென்றே இரண்டு அடுக்குள்ள சதுரத் தொட்டிகளை அமைத்தார்கள்; டாட்காஸ்டர் என்னும் ஊரில் கற்பலகையால் ஆன அத்தகைய தொட்டிகள் இன்றும் உபயோகத்தில் இருக்கின்றன. வீட்டுக்காரருக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை. வாளியை 20 டிகிரியுள்ள இடத்துக்கு மாற்றி, மூடியைத் திறவாமல் மெதுவாகச் சுழற்றிவிட்டு, மூன்று நாள் பொறுத்திருந்தால் பெரும்பாலும் போதும். அதற்கும் எழும்பாவிடில் புது ஈஸ்ட்டைச் சேர்க்கலாம். ஆனால் உலர்ந்த தூளை மதுசாரமேறிய திரவத்தில் அப்படியே தூவினால் அது உயிர்த்தெழுவது அரிதாகையால், சிறிது மால்ட் சாற்றில் தனியே நொதிக்கவிட்டு, நன்றாகப் பொங்கிவரும் சமயத்தில் அதைச் சேர்க்க வேண்டும். பிராணவாயுவைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஈஸ்ட் பெருகும் முதல் நாளில் சாற்றைக் குலுக்கிக் காற்றூட்டுவது அவசியம், நொதித்தல் தொடங்கிய பின் அதே காரியத்தைச் செய்தால் பீரில் நனைந்த அட்டையின் சுவை வந்து சேரும்.

மணத்தையும் சுவையையும் கொண்டு குற்றத்தை அறியும் வித்தை தனி. பச்சை ஆப்பிளின் வாசனை, வேலை முடியுமுன் பீரை ஈஸ்ட்டிலிருந்து பிரித்துவிட்டதைப் பெரும்பாலும் காட்டுகிறது. அழுகிய முட்டை நாற்றம் குளிரில் நொதிக்கும் லாகர் வகையில் சகஜம், நாளடைவில் தானே போய்விடும். மருந்து நெடி வீசினால் குழாய்நீரில் கலந்த குளோரினைச் சந்தேகிக்கலாம். வெண்ணெய் மணத்துக்குக் காரணமான டயசெட்டில் மட்டும் சற்று விசித்திரமானது: அதன் மூலப்பொருளைக் கசியவிடுவதும் ஈஸ்ட்தான், பின்னர் அதனைத் திரும்ப உட்கொண்டு மறையச் செய்வதும் ஈஸ்ட்தான். ஆகவே இறுதியில் இரண்டு மூன்று நாள் சிறிது கதகதப்பில் விட்டுவைத்தால் அது அகன்றுவிடும். பொறுமையின்றி வடித்துவிட்டவர்களுக்கு அகலாது.

புளிப்பு வேறு வகை. 1871-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் லண்டனில் ஒரு பெரிய மதுவாலைக்குச் சென்று, அங்கிருந்த போர்ட்டர் பீரின் ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, அதில் அந்நிய நுண்ணுயிர்கள் கலந்திருப்பதைக் கண்டு, பீர் கெட்டிருக்க வேண்டுமே என்று சொன்னதும், நிர்வாகிகள் திகைத்து, ஒரு வாரத்துக்குள் தாங்களும் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிவிட்டதும் பீரைப் பற்றி அவர் 1876-இல் வெளியிட்ட நூலின் வழியே நமக்குக் கிடைக்கும் செய்திகள். 1883-இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பர்க் ஆராய்ச்சிக் கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே செல்லிலிருந்து கலப்பில்லாத ஈஸ்ட்டைப் பெருக்கிக் காட்டினார். வீட்டுக்காரரிடம் மைக்ராஸ்கோப் இல்லையென்றாலும் கண் இருக்கிறது: மேற்பரப்பில் வெண்மையான மெல்லிய ஏடு சுருக்கங்களோடு படர்ந்து, சுவை கூர்மையாகப் புளித்திருந்தால் பாக்டீரியாவோ காட்டு ஈஸ்ட்டோ புகுந்துவிட்டதென்று கொள்ளலாம். இதற்கு மட்டும் பரிகாரமில்லை. கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியும் ரப்பர்க் குழாயும் அந்நியரின் வாசஸ்தலமாதலால், பீரைக் கொட்டும்போது அவற்றையும் எறிந்துவிடுவது நல்லது.

இவையெல்லாம் சுவையைக் கெடுப்பதோடு நின்றுவிடும், 1.020-இல் உறங்குவதைப் பூர்த்தியானதென்று எண்ணிப் புட்டியில் அடைப்பது உடலுக்கே அபாயம். புட்டியில் நுரை உண்டாவதற்கு லிட்டருக்கு 5, 6 கிராம் சர்க்கரை போடுவது வழக்கம்; ஒரு கிராம் சர்க்கரையிலிருந்து ஏறக்குறைய அரை கிராம் கரியமில வாயு பிறக்கிறது. உறங்கிய ஈஸ்ட் கோடையில் விழித்து, மிஞ்சியிருந்த சர்க்கரையையும் உண்ணத் தொடங்கினால், அதைப் போல மூன்று நான்கு மடங்கு வாயு சேர்ந்து கண்ணாடி வெடித்துச் சிதறும். அப்படி அடைத்துவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால், புட்டிகளைக் கனத்த துணியால் போர்த்தி, தடித்த கையுறையும் கண்ணுக்குக் காப்பும் அணிந்து குளிர்ப்பெட்டிக்கு மாற்றி, வாயு திரவத்துக்குள் கரைந்து அடங்கும்படி ஒரு நாள் முழுதும் வைத்திருந்து, பிறகு மூடியின் ஓரத்தை மயிரிழை அளவே நெம்பி, சீறல் ஓயும்வரை பிடித்திருந்து, மீண்டும் அழுத்தி மூடிவிட வேண்டும். மறுநாளும் சீறினால் மறுநாளும் அப்படியே.