மடிக்கணினியா, மேசைக்கணினியா?

கல்லூரிக்கு எந்தக் கணினி ஏற்றது? விடுதியில் தங்கி, வகுப்புக்கும் நூலகத்துக்கும் எடுத்துச் செல்வோர்க்கு மடிக்கணினியே பொருந்தும். மின்சாரம் நின்றாலும் மின்கலம் சில மணி நேரம் கைகொடுக்கும். ஆனால் அம்மின்கலம் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுக்குன்றும். மெல்லிய கூட்டினுள் வெப்பம் எளிதில் வெளியேறாமையால், நெடுநேரக் கடும்பணியில் வேகமும் தளரும். பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருத்தலின், பின்னர்ப் பெருக்கவும் இயலாது.

மேசைக்கணினியோ, அதே விலைக்கு மிகுந்த ஆற்றல் தரும். பழுதுற்ற உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆயினும், யு.பி.எஸ். இல்லையேல் மின்தடையில் உடனே அணையும். வீட்டிலிருந்தே படிப்போர்க்கு அதுவே சிக்கனம்.

தாயாரின் நகையை அடகுவைத்துப் பெற்ற பணமாகவும் அது இருக்கலாம். ஆதலின் தோழன் கையில் இருப்பதைப் பாராது, உங்கள் பாடத்தையும் இருப்பிடத்தையும் எண்ணித் தேர்ந்தெடுங்கள்.