குட்டி ஈன்றால் மந்தைக்காரருக்குப் பணம்!

ஸ்வீடன் நாட்டின் வடபகுதியில் சாமி என்னும் பழங்குடி மக்கள் துருவ மான்களை மேய்த்துப் பிழைக்கிறார்கள். அந்நாட்டில் இந்த மான்கள் சுமார் 2½ லட்சம். பட்டியும் கொட்டகையும் இவற்றுக்குக் கிடையாது. கோடையில் மலை, குளிர்காலத்தில் காடு என்று மேய்ந்து திரியும். எந்த மான் யாருடையது என்பதைக் காதில் வெட்டிய அடையாளம் சொல்லும்.

இம்மந்தைகளுக்கு எமனாக வாய்த்தது வுல்வரின். நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த இப்பிராணி நடுத்தர நாயளவுதான் இருக்கும். ஆனால் ஆழமான பனியில் மானின் கால்கள் புதையும்போது, அகன்ற பாதங்கள் கொண்ட இது பனியின் மேலேயே ஓடிப் பிடித்துவிடும். தின்றது போக மீதியைப் புதைத்து வைக்கும். 1969 முதல் ஸ்வீடனில் இதைக் கொல்வதற்குத் தடை உண்டு.

முன்பெல்லாம் செத்த மானைக் காட்டினால்தான் நஷ்ட ஈடு. அத்தனை பெரிய காட்டில், பனிக்கடியில் கிடப்பதை எங்கே போய்த் தேடுவது? கிடைத்தாலும், தானாகச் செத்ததா, அடிபட்டுச் செத்ததா என்று நிரூபிக்க வேண்டும்.

1996-இல் அரசு இம்முறையைத் தலைகீழாக மாற்றியது. செத்த மானுக்குப் பதிலாக, மேய்ச்சல் எல்லைக்குள் குட்டி ஈன்ற வுல்வரின்களை எண்ணி, ஓர் ஈற்றுக்கு இவ்வளவு என்று மேய்ச்சல் சங்கத்துக்குப் பணம் தருகிறார்கள். ஈற்றுக்குச் சுமார் 2 லட்சம் குரோனர் வழங்கப்பட்டிருக்கிறது. லிங்க்ஸ் என்னும் பெரிய காட்டுப்பூனைக்கும் இதே ஏற்பாடுதான். கிடை ஆடு வைத்திருக்கும் நம் வாசகர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கணக்கு எளிது. தாய் விலங்கைக் கொன்றால் பணம் போய்விடும்; விட்டுவைத்தால் வரும்.

வுல்வரின் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பனிக்குள் வளை தோண்டிக் குட்டி போடுகிறது. தடம் பார்த்துத் தகவல் சொல்வதில் மேய்ப்பர்களுக்கும் பங்குண்டு. மாவட்ட நிர்வாக ஊழியர்கள் நேரில் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். 2002-க்கும் 2012-க்கும் இடையே பதிவான ஈற்றுகள் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தன.

விலங்குக்கு இது நல்ல காலம். மந்தைக்காரருக்கோ அரைகுறைத் திருப்திதான். தொகை இழப்புக்கு ஈடாகவில்லை என்பது அவர்களின் நெடுநாளைய குறை. அதில் நியாயமும் இருக்கிறது. குளிர்காலத்தில் செத்து விழும் பெட்டை மான் பெரும்பாலும் சினையாக இருக்கும். தாயும் போய், மே மாதத்தில் பிறக்க வேண்டிய கன்றும் போய்விடுகிறது. இழப்பு மந்தையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2013-இல் நாடாளுமன்றம் வரம்பு வைத்தது. அதை மீறினால், அனுமதி பெற்றுச் சில விலங்குகளைச் சுடவும் வழியுண்டு.