கடலின் குறுக்கே தொலைவு அளத்தல்: மீளெதிரொளிப்பியும் பாம்பன் சூழலும்

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே 1914இல் திறக்கப்பட்ட தொடர்வண்டிப் பாலமும், அதனருகே 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலமும் 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுடையவை. இத்தகைய நீர்ப்பரப்பின் குறுக்கே அளவுநாடாவை விரிக்க இயலாது. இன்றைய நில அளவையில் ஒரு கரையில் டோட்டல் ஸ்டேஷன் கருவியையும் மறுகரையில் கண்ணாடிப் பட்டகத்தையும் நிறுத்தி, சென்று மீளும் ஒளியைக் கொண்டு தொலைவு கணிக்கப்படுகிறது. அப்பட்டகமே மீளெதிரொளிப்பி. அதன் இயக்கத்தையும், உவர்க்காற்று வீசும் கரையில் அது தவறும் இடத்தையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மறுகரையில் சமதள ஆடி போதாதா என்னும் ஐயம் எழுவது இயல்பே. ஆடி 1° திரும்பினால் எதிரொளிக்கும் கதிர் 2° விலகும். 2 கிலோமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 70 மீட்டர் தள்ளி விழும். பாம்பன் காற்றை அறிந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மாறாக, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று ஆடிகளை அறையின் மூலைபோல் இணைத்தால், ஒவ்வோர் ஆடியும் கதிரின் திசையில் ஒரு கூறினை எதிர்மாற்றுகிறது. மூன்றிலும் பட்ட கதிர், தான் வந்த திசைக்கு இணையாகவே மீள்கிறது. பட்டகம் சற்றுச் சாய்ந்திருப்பினும் இவ்விளைவு மாறுவதில்லை.

கருவிகளில் பெரும்பாலும் மூலைவடிவில் வெட்டிய திண்மக் கண்ணாடியே பயன்படுகிறது. முகப்பில் நேராக நுழையும் ஒளி, பின்முகங்களில் 54.7° படுகோணத்தில் விழுகிறது. ஒளிவிலகல் எண் 1.5 உடைய கண்ணாடிக்குக் காற்றை நோக்கிய மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42°. ஆகவே வெள்ளிப்பூச்சு இன்றியே முழு அக எதிரொளிப்பு நிகழ்கிறது. ஆனால் பின்முகத்தில் நீர்த்திவலை படிந்தால், அவ்விடத்தில் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 63° ஆகிவிடுகிறது. படுகோணம் அதனினும் குறைவாதலால் ஒளியின் பெரும்பகுதி நீருக்குள் கசிந்து போகிறது. நம் பாடநூல்கள் பொதுவாகக் காற்றோடு நின்றுவிடுகின்றன; கடற்கரையில் இதுவே முதன்மையான செய்தி. பின்முகங்களுக்கு உலோகப்பூச்சு இடுவதும் நீர்புகாதவாறு உறையிடுவதும் இக்குறையைத் தவிர்க்கின்றன.

கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் குறைவதால் பட்டக மாறிலி எனும் திருத்தமும் தேவை. வெப்பநிலையை 1° செல்சியசு பிழையாகக் குறித்தால், 2 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பிழை நேரும்.

சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கியிலும் நாசா அளித்த, இவ்வகையான 8 பட்டகங்கள் கொண்ட சிற்றணி உண்டு. 2023 டிசம்பர் 12இல் நிலவைச் சுற்றும் நாசா கலம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அனுப்பிய லேசர் ஒளி அதில் பட்டு மீண்டது.

மீனவரின் உயிர்காப்புச் சட்டையில் ஒட்டப்படும் ஒளிர்பட்டையும் மீளெதிரொளிப்பியே. அது ஒளியை விளக்கை நோக்கியே திருப்புகிறது. எனவே இரவில் தேடுபவர் கைவிளக்கை இடுப்பருகே அன்றி, கண்ணருகே பிடித்தல் வேண்டும்.