ஆவடிக்கு அமைச்சர், பூந்தமல்லிக்கு யாருமில்லை

ஜெயலலிதா மறைந்தபின் அ.தி.மு.க.வில் தலைமை கைமாறிய கதையைக் கேட்டால், எல்லோரும் மெரினா தியானத்தையும் கூவத்தூர் விடுதியையும்தான் சொல்வார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளான ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடந்தது யாருக்கும் ஞாபகமில்லை.

ஆவடி எம்.எல்.ஏ. பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்தவர். 2017 பிப்ரவரியில் ஓ. பன்னீர்செல்வம் பக்கம் போனார். எடப்பாடி பழனிசாமி முதல்வரானதும் பதவி போயிற்று. பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக விழுந்த 11 ஓட்டில் அவருடையதும் ஒன்று. ஆகஸ்ட் 21-ல் அணிகள் இணைந்தன, மறுபடி அமைச்சரானார். மறுநாளே பூந்தமல்லி எம்.எல்.ஏ. உள்ளிட்டோர், முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18-ல் அவர்களில் 18 பேர் தகுதிநீக்கம். சபையில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர் அமைச்சர், கடிதம் கொடுத்தவர் முன்னாள்! கட்சித்தாவல் தடைச் சட்டப்படி தகுதிநீக்கம் செல்லும் என்று 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இருக்கட்டும்.

என் கவலை ஆளில்லாமல் கிடந்த தொகுதியைப் பற்றி. காலியான இடத்தை 6 மாதத்துக்குள் நிரப்பச் சொல்கிறது சட்டம். ஆனால் தகுதிநீக்க வழக்கு முடியும்வரை இடைத்தேர்தலுக்குத் தடை. உள்ளாட்சிகளிலும் 2016 அக்டோபரோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் ஆட்சி. ஆக, எம்.எல்.ஏ.வும் இல்லை, கவுன்சிலரும் இல்லை.

இது எங்கே உறைக்கும் என்று கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பார்த்தால் தெரியும். வேலைக்கு வந்து வாடகை அறையில் நாலைந்து பேராகத் தங்குகிறவரிடம் வாடகை ஒப்பந்தம் இருக்காது. கரண்ட் பில் ஓனர் பேரில் இருக்கும். ஆதாரில் முகவரி மாற்ற எம்.எல்.ஏ. ஆபீசில் போட்டோ ஒட்டி, சீல் குத்தித் தரும் கடிதம்தான் கைகொடுக்கும். கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் அன்று எம்.எல்.ஏ. இருந்தார்கள். பூந்தமல்லியில் அதே கடிதத்துக்குக் கெசட்டட் ஆபீசரைத் தேட வேண்டியிருந்தது. முன்பின் தெரியாதவருக்குக் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் யோசிப்பார்.

தலைமைப் போட்டி உட்கட்சி விவகாரம், அடுத்தவருக்கு என்ன என்பவர்களும் உண்டு. ஓட்டுப் போட்டவன் அடுத்தவனா?

இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18-ல் நடந்தது; பூந்தமல்லியில் தி.மு.க. ஜெயித்தது. முடிவு வெளிவரும்வரை எம்.எல்.ஏ. இல்லாமல் ஓடியது 20 மாதம். பூந்தமல்லி நகராட்சிக்குக் கவுன்சிலர் தேர்தல் வர 2022 பிப்ரவரி ஆயிற்று.