எண்ணிக்கை சொல்லாத பெருமை

எம்மிடம் பயின்று இப்பொழுது மருத்துவ ஆய்வில் ஈடுபட்டிருக்கும் இளைஞர் ஒருவர் சென்ற விடுமுறையில் எம்மைக் காண வந்தார். முகம் வாடியிருந்தது. காரணம் வினவினோம்.

"சேர், பாம்புக்கடி பற்றி நான் எழுதிய கட்டுரையை இதுவரை பதினொரு பேர்தான் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். என்னோடு படித்தவர் புற்றுநோய் பற்றி எழுதினார், அவருக்கு இருநூறுக்கு மேல்" என்றார்.

மூன்றாண்டு உழைப்பை ஓர் எண்ணைக் கொண்டு அவர் எடைபோட்டுவிட்டார். இவ்வெண் எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லவில்லை என்பதை மாணவரும் பெற்றோரும் அறிந்துகொள்ளுதல் நன்று.

ஓர் ஆய்வாளர் தமக்கு முன்னர் எழுதியோரின் கட்டுரைகளைத் தம் கட்டுரையில் குறிப்பிடுதல் மரபு. எக்கட்டுரையை எவரெவர் குறிப்பிட்டனர் என்று தொகுக்கும் முறையை அமெரிக்கரான யூஜீன் காஃபீல்ட் 1955 இல் எடுத்துரைத்தார். 1964 முதல் அது பெருந்தொகுதிகளாக வெளிவரலாயிற்று. ஓர் எண்ணம் எவ்வழியே வளர்ந்தது என்று தேடிக் காண்பதற்கே அவர் அதனை வகுத்தார். நாளடைவில் தேடுங்கருவி நிறைகோலாயிற்று. 2005 இல் ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் மற்றோர் அளவை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் இருபது தடவைக்குக் குறையாமல் மேற்கோள் காட்டப்பட்டிருப்பின் அவரது எண் இருபது. பல நாடுகளில் பதவி உயர்வுக்கும் பண உதவிக்கும் இத்தகைய எண்களையே பார்க்கின்றனர்.

முதலிடம் பெற்ற கட்டுரை

உலகில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது? ஐன்ஸ்டைனுடையதோ என்று பலர் எண்ணுவர். அன்று. ஒலிவர் லௌரி என்னும் மருத்துவ ஆய்வாளர், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தியற் பேராசிரியராக இருந்தபொழுது, மூவருடன் சேர்ந்து 1951 இல் வெளியிட்ட கட்டுரையே அது. 2014 இல் 'நேச்சர்' சஞ்சிகை வெளியிட்ட பட்டியலில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்களுடன் அது முதலிடம் பெற்றது. பரம்பரை அலகின் இரட்டைச் சுருள் வடிவைக் கண்டுரைத்த வாட்சன், கிரிக் ஆகியோரின் 1953 ஆம் ஆண்டுக் கட்டுரையோ முதல் நூறினுள்ளும் இடம்பெறவில்லை!

லௌரி கூறியது யாது? ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் உண்டு என்று அளக்கும் எளிய முறை. செப்பு உப்பும் வேறொரு சோதனைப் பொருளும் சேர்க்கக் கரைசல் நீலமாகும். நீலத்தின் அடர்த்தி புரதத்தின் அளவைக் காட்டும். மருத்துவர், உணவாராய்வோர், பயிராராய்வோர் ஆகிய யாவர்க்கும் புரதத்தை அளக்கவேண்டிய தேவை இருந்தமையால், துறை கடந்து அனைவரும் அதனைக் கையாண்டனர், கையாண்டவர் குறிப்பிட்டனர். இஃது ஒரு பெருங்கண்டுபிடிப்பன்று என்பதை லௌரியே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தனியொரு நரம்புக் கலத்தையே நிறுத்து, அதிலுள்ள பொருள்களை அளந்தறியும் நுட்பத்திற்காக அவர் பல்லாண்டு உழைத்தார். அவ்வரிய பணிக்கு இத்துணை மேற்கோள் கிடைக்கவில்லை.

எனவே எண்ணிக்கை பயன்பாட்டைக் காட்டும். பெருமையை அளந்து காட்டாது.

துறைக்கொரு வழக்கம்

உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் மேற்கோட் பட்டியல் நீளமானது. கணிதக் கட்டுரைகளில் பெரும்பாலும் குறுகியது. பல்லாயிரவர் உழைக்கும் துறையில் மேற்கோள் காட்டுவோரும் பலர். சிலரே உழைக்கும் துறையில் சிலரே. வேறு வேறு துறையினரை ஒரே எண்ணால் ஒப்பிடுதல், நெல்லையும் தேங்காயையும் ஒரே கொத்தால் அளப்பதை ஒக்கும்.

இன்னுமொன்று. மேற்கோள் யாவும் பாராட்டல்ல. 1998 இல் 'லான்செட்' சஞ்சிகையில் வேக்ஃபீல்டும் பிறரும் பன்னிரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, சின்னமுத்து முதலியவற்றுக்கான தடுப்பூசியின்மீது வீண் ஐயத்தை எழுப்பியது. பெற்றோர் பலர் அஞ்சினர். 2010 இல் சஞ்சிகை அதனை மீட்டுக்கொண்டது. அக்கட்டுரையும் மிகப் பலரால் மேற்கோள் காட்டப்பட்டதே; ஆயின் அவருட் பெரும்பாலோர் அதனை மறுப்பதற்காகவே காட்டினர். எண்ணுங் கருவிக்குப் போற்றலும் தூற்றலும் ஒன்றே.

இவற்றையெல்லாம் கூறியபின் அவ்விளைஞரிடம் கேட்டோம்: "தம்பி, அந்தப் பதினொருவர் யார்? எதற்காக உம்மைக் குறிப்பிட்டார்கள்?" அவர் விழித்தார். எண்ணைப் பார்த்தாரேயன்றி ஒரு கட்டுரையையேனும் விரித்துப் பார்த்திலர்.

இரு வாரத்தின்பின் கடிதம் வந்தது. அவருட் மூவர், நஞ்சின் தாக்கத்தை மதிப்பிட அவர் கூறிய முறையையே தம் நோயாளரிடத்துக் கையாண்டிருந்தனராம். "மற்றவர்களையும் வாசித்துக்கொண்டிருக்கிறேன், சேர்" என்று முடித்திருந்தார்.

கடிதத்தை மடித்து வைத்தபொழுது எம் மனம் எம்மையே சுட்டது. ஆண்டுதோறும் பரீட்சைப் பெறுபேறு வந்ததும், எத்தனை பேருக்கு எத்தனை திறமைச்சித்தி என்று முதலில் எண்ணுபவர்கள் நாமேயன்றோ? பிள்ளை எதனைக் கற்றான், அதனால் யாருக்குப் பயன் என்று கேட்க மறந்துவிடுகிறோம். எண்ணுதல் எளிது, வாசித்தல் அரிது. அரியதைச் செய்யப் பழகுவோமாக.