எதேச்சையும் இயல்பும்: பிழை தேடுவது பற்றிச் சில குறிப்புகள்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன் அரசு ஒரு காரியம் செய்யும். பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, கட்டுபடியாகும் என்றால்தான் குளிப்பு. தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961இல் நடந்தது. ஆனால் அந்த மாதிரியெடுப்பு எழுப்பும் கேள்வி முடிந்துபோகவில்லை. கொஞ்சத்தைப் பார்த்துவிட்டு முழுக்கடலைப் பற்றி எந்த தைரியத்தில் பேசுகிறோம்?

நான் தமிழ் படித்தவன், கணினி படித்தவனல்ல. என்றாலும் இன்று இந்தக் கேள்வி கூர்மையாக நிற்பது மென்பொருளில்தான் என்று நினைக்கிறேன். 'ஒரு மென்பொருள்' என்று நாம் சொல்வது உண்மையில் பன்மை. 33 தெரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று வைத்துக்கொண்டால், வடிவங்கள் 858 கோடிக்கு மேல். உலகத்தில் ஆளுக்கொன்று கொடுத்தாலும் மிஞ்சும். லினக்ஸ் கெர்னலிலோ தெரிவுகள் பத்தாயிரத்துக்கும் அதிகம்.

பிழை ஒற்றைத் தெரிவில் கிடந்தால் சுலபம். தனித்தனியே ஒழுங்காயிருக்கும் இரண்டு மூன்று தெரிவுகள் சேரும்போது பிறக்கும் பிழைதான் சிக்கல். அர்த்தம் சொல்லில் இல்லை, சொற்களின் உறவில் இருக்கிறது என்று அமைப்பியல்காரர்கள் சொன்னதைப் பிழைக்கும் சொல்லலாம்.

இங்கேதான் எதேச்சைச் சோதனை வருகிறது. ஒவ்வொரு தெரிவுக்கும் காசு சுண்டி ஒரு வடிவத்தை உண்டாக்கிச் சோதிப்பது. 'இது குருட்டாம்போக்கு இல்லையா?' என்று கேட்கலாம். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. மூன்று தெரிவுகள் சேர்ந்தால் வரும் பிழை, எட்டு வடிவங்களில் ஒன்றில் இருக்கும். 40 வடிவங்களைச் சோதித்தால் அது தப்பிக்கும் வாய்ப்பு 200இல் ஒன்றுக்கும் குறைவு. தெரிவுகள் ஒன்றையொன்று சாராதவரை, மொத்தம் 33 என்றாலும் பத்தாயிரம் என்றாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆனால் பத்துத் தெரிவுகள் சேர்ந்தால்தான் வரும் பிழை என்றால், அதே 40இல் அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு நாலுகூட இல்லை.

ஜேஹிப்ஸ்டர் என்ற மென்பொருளின் 26,000க்கும் மேற்பட்ட வடிவங்களை ஆய்வாளர்கள் முழுசாகவே சோதித்தார்கள். 80 இயந்திரங்கள், 4 இரவுகள். 35.70 சதவீத வடிவங்கள் தோற்றன. அந்தத் திட்டத்தார் வழக்கமாகச் சோதித்துவந்த 12 வடிவங்களைவிட, முறையாக எடுத்த மாதிரிகள் பிழைகளை நன்றாகவே பிடித்தன.

அந்த 12 யாருடைய இயல்பு? செய்தவன் தன்னைப் போன்ற ஒருவனை மனசில் வைத்து 'இயல்பு' என்று ஒன்றைக் கட்டுகிறான். தமிழில் பெயர் எழுதுகிறவள், பழைய கைப்பேசி வைத்திருப்பவர் எல்லாம் விளிம்புக்குப் போய்விடுகிறார்கள். எதேச்சைக்கு அப்படிப்பட்ட இலட்சிய வாசகன் கிடையாது.

அதற்காகக் காசு சுண்டுவதே நியாயம் ஆகிவிடாது. லினக்ஸில் 'ரேண்ட்கான்ஃபிக்' என்ற கட்டளை எதேச்சை வடிவம் தருகிறது. அங்கே பல தெரிவுகள், மேலே வேறொன்று 'உண்டு' ஆனால்தான் திறக்கும். ஒவ்வொரு படியிலும் காசு சுண்டினால், ஐந்தாம் படியில் இருப்பதற்கு வாய்ப்பு 32இல் ஒன்றுதான். படிநிலை உள்ள இடத்தில் குலுக்கிப் போட்டாலும் அடியில் இருப்பவனுக்கு முறை வருவது அபூர்வம். செல்லுபடியாகும் வடிவம் ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்பு தரும் முறைகளும் உண்டு. அவற்றுக்குக் கணிப்புச் செலவு கூடுதல்.

ஆக, இயந்திரம் ஒருத்தியின் பெயரை ஏற்க மறுக்கும்போது 'எல்லாம் சோதிச்சாச்சும்மா' என்று பதில் வந்தால், நாம் கேட்கவேண்டியது: எத்தனை வடிவங்களில் சோதித்தீர்கள்? அவற்றைத் தேர்ந்தெடுத்தது யார், எப்படி?