கடைசல் மரமும் அரக்கு வண்ணமும்

பிழைப்பின் பொருட்டுப் பெங்களூரிலும் மைசூரிலும் குடியேறிய நம்மவர் இல்லங்கள் பலவற்றில், பூஜை மாடத்தில் ஒரு குங்குமச் சிமிழும் குழந்தையின் கையில் ஒரு கிலுகிலுப்பையும் இருக்கக் காணலாம். சிவப்பும் மஞ்சளும் வளையம் வளையமாக மின்னும் அப்பொருள்களுள் பல, அவ்விரு நகரங்களுக்கும் இடையே இரயில் பாதையில் உள்ள சென்னப்பட்டணாவில் பிறந்தவை. நம் சென்னை மாநகரின் பழம்பெயரை ஒத்த பெயருடைய அவ்வூரில், மரம் எவ்வாறு சிமிழாகிறது என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் மரத்தைக் காண்போம். சென்னப்பட்டணாவார் அதனை ஆலெ மரம் என்பர். நம் செவிக்கு அது ஆலமரம்போல் ஒலிக்கும். ஆயினும் ஆலுக்கும் இதற்கும் உறவில்லை. தமிழில் பகரமாக நிற்பது கன்னடத்தில் ஹகரமாவதை அங்கு வாழும் நாம் அறிவோம். நமது பால் அவர்களுக்கு ஹாலு. நமது பாலை அவர்களுக்கு ஹாலெ. பேச்சில் அது ஆலெ. ஆம், சித்த மருத்துவர் தைலம் காய்ச்சும் வெட்பாலையே அது! ஆந்திரத்தில் வராக நதிக்கரையிலுள்ள எட்டிகொப்பாக்காவிலும் இம்மரத்தையே அங்குடு என்னும் பெயரால் வழங்கிக் கடைகின்றனர்.

இம்மரத்தை ஏன் தேர்ந்தனர்? பைன், தேவதாரு முதலிய ஊசியிலை மரங்களில் பிசின் மிகுதி. கடையும்போது உண்டாகும் வெப்பத்தில் அப்பிசின் இளகி உளியில் ஒட்டும். உப்புத்தாளில் அப்பி அதன் சொரசொரப்பை அழிக்கும். வெட்பாலையோ தந்தம்போல் வெண்மையானது, இழை நெருங்கியது, மென்மையானது. உளிக்கு எளிதில் இணங்கும். தன்மீது ஏறும் வண்ணத்தையும் மங்கவிடாது. வெட்டிய மரத்தைப் பட்டை நீக்கி, பல வாரங்கள் நிழலில் உலர்த்துவர். ஈரம் உள்ளே இருக்கக் கடைந்தால், செய்து முடித்த சிமிழ் பின்னர் வெடிக்கும், மூடியும் கோணும்.

அடுத்தது கடைசல். பண்டைநாளில் மரத்துண்டை இரு முனைகளுக்கிடையே பொருத்தி, வில்லின் நாணை அதில் ஒரு சுற்றுச் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுப்பர். மரம் ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாகச் சுழலும். ஒரு திசையில் சுழலும்போது மட்டுமே உளி வெட்டும். மறு சுழற்சியில் கைவினைஞர் உளியைச் சற்றே விலக்கிக்கொள்வார். இன்று மின்விசையால் இயங்கும் கடைசல் எந்திரங்கள் பரவிவிட்டன. ஆயினும் உளியைப் பிடிக்கும் கையின் நிதானத்தை எந்த விசையும் தந்துவிடாது. சிமிழின் உள்ளே குடையும்போது உளிமுனை கண்ணுக்குத் தெரியாது; மரம் எழுப்பும் ஒலியைக் கொண்டே சுவரின் கனத்தை உணரவேண்டும். ஒரு நூலளவு மிகுந்தால் உழைப்பு முழுதும் வீண்.

வடிவம் அமைந்தபின் வருவதே அரக்கு. பாரதத்து அரக்கு மாளிகையால் நாம் அறிந்த அப்பொருளும் ஒருவகைப் பிசினே. ஆனால் மரம் கசிந்ததன்று. புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் சாற்றை உறிஞ்சி வாழும் சிறு பூச்சி, தன்னைக் காக்கச் சுரப்பது. ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் இதனை மிகுதியாக விளைவிப்பவை. இராஞ்சிக்கு அண்மையில் 1924-இல் இதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையமே நிறுவப்பெற்றது.

அரக்கைத் தணலில் இளக்கி, வண்ணம் சேர்த்துப் பிசைந்து, குச்சியாக நீட்டிக்கொள்வர். சுழலும் மரத்தின்மீது அக்குச்சியை அழுத்தினால், உராய்வின் வெப்பத்தாலேயே அரக்கு உருகி மரத்தைப் பற்றும். தூரிகை வேண்டியதில்லை, உலையும் வேண்டியதில்லை. சுழற்சி மெதுவானால் அரக்கு உருகாது, கடுமையானால் கருகும். பின்னர், உலர்ந்த தாழை மடலை அழுத்திப் பிடிக்க, திட்டுத் திட்டாக நின்ற அரக்கு ஒரே சீராகப் பரவிப் பளபளக்கும். நம் பெண்டிர் கூந்தலில் சூடிய தாழையின் ஓலைக்கு இப்படியும் ஒரு பணி உண்டு.

இவ்விளக்கத்தால் வாங்குவோர்க்கு ஒரு பயனும் உண்டு. அரக்கு வண்ணம் சுழற்சியால் ஏறுவதாதலின், அதன் கோடுகள் அச்சைச் சுற்றி வட்டமாகவே செல்லும். தூரிகையின் கீற்றுகளோ, பள்ளங்களில் தேங்கிய திரட்சியோ காணப்படின், அது பெரும்பாலும் பூசிய வர்ணம். இவ்வேறுபாடு சிறிதன்று, குழந்தை வாயில் வைத்துச் சுவைக்கும் பொருளல்லவா அது? மலிவான வர்ணங்கள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதுண்டு. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே, எவ்வண்ணம் சேர்த்தீர்கள் என்று வினவியே வாங்குதல் வேண்டும். மஞ்சள், அவுரி, காசுக்கட்டி, சாப்பிரா விதை முதலியவற்றின் இயற்கைச் சாயங்களை எட்டிகொப்பாக்காவில் மீட்டுப் பரப்பிய திரு சி. வி. ராஜு அவர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

வாங்கியபின் பேணுதலும் நம் கடமை. சூடான பாத்திரத்தை அரக்குப் பொருளின்மீது வைத்தால் தடம் விழும். சாராவி பட்டால் அரக்கு கரையும். நீரில் ஊறினால் வெளிறும். உலர்ந்த மென்துணியால் துடைத்தலே போதும்.

பிளாஸ்டிக் பொம்மையின் மலிவு ஒருபுறமும், அங்குடு மரம் அருகிவரும் கவலை மறுபுறமும் இக்கைவினைஞரை நெருக்குகின்றன. வந்த ஊரின் மொழியைக் கற்கிறோம். அதன் உணவை உண்கிறோம். அதன் தொழிலையும் அறிந்து போற்றுதல் முறையன்றோ? ஊருக்குச் செல்லும்போது உறவினர்க்கு என்ன கொண்டு செல்வது என்று நாம் தயங்குவதுண்டு. ஒரு சிமிழைக் கொண்டு செல்வோம். இது நம் வெட்பாலை, இது நம் தாழை பட்டு மின்னியது, கடைந்த கை மட்டும் நம் அண்டை வீட்டாருடையது என்று கூறிக் கொடுப்போம்.